ப்ரேரிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? கோடை இடிமழைக்கு மே மாதமே தயாராகுங்கள்

மூஸ் ஜா, பிராண்டன், ஸ்டைன்பாக், கிளேர்ஸ்ஹோம் என்று கனடாவின் ப்ரேரி மாகாணங்களான ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன், மனிடோபாவில் உள்ள சிற்றூர்களுக்குக் கிராமப்புறக் குடியேற்றத் திட்டங்கள் வழியாக நம் ஆட்களும் வந்துகொண்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது குளிரைப் பற்றித்தான். எந்த ஜாக்கெட், எந்த பூட்ஸ், மைனஸ் 40-ல் கார் ஸ்டார்ட் ஆகுமா. ஜூன், ஜூலை இடிமழையைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. வந்த புதிதில் நானும் யாரிடமும் கேட்கவில்லை.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பரில் கஜா வந்தபோது நாலைந்து நாள் முன்பிருந்தே டிவியில் அதே பேச்சு, இப்போது எங்கே இருக்கிறது, எந்த ஊரில் கரையேறும், காற்று என்ன வேகம் என்று. அரிசி பருப்பு வாங்கி, மெழுகுவத்தி வாங்கி, மாட்டை அவிழ்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார எங்களுக்கு நேரம் இருந்தது. புயல் என்றால் அப்படித்தான் வரும் என்று மனதில் பதிந்துபோயிருந்தது. இங்கே மதியம் 3 மணிக்கு வெயில் கொளுத்தும், 5 மணிக்கு மேற்கே காலிஃபிளவர் மாதிரி ஒரு மேகம் எழும்பும், 6 மணிக்கு யாரோ ஒருவருடைய கூரை வயலில் கிடக்கும். எச்சரிக்கை வந்தாலும் கையில் இருப்பது பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோதான், சில சமயம் அதுவும் கிடைக்காது. எங்கே ஓடுவது, எதை எடுப்பது, யாருக்குச் சொல்வது என்று அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. அதனால்தான் மே மாதமே என்கிறேன்.

எதற்குத் தயாராகிறோம்

மூன்று விஷயங்கள். முதலாவது ஆலங்கட்டி. நம் ஊரில் எப்போதாவது விழும், பிள்ளைகள் டம்ளரில் பொறுக்குவார்கள். இங்கே அது வேறு. ஆல்பர்ட்டாவில் மார்க்கர்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் 2022 ஆகஸ்ட் 1-ல் விழுந்த ஒரு கட்டியை எடுத்து அளந்தார்கள்: எடை 292.71 கிராம், குறுக்களவு 123 மில்லிமீட்டர். கிரிக்கெட் பந்தின் எடையைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கனடாவில் இதுவரை பதிவானதில் இதுதான் பெரியது. அதே நாளில் பக்கத்து நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த கார்களின் கண்ணாடிகள் வரிசையாக நொறுங்கின. ராக்கி மலையடிவாரத்தில் எழும்பும் மேகங்கள் கிழக்கே நகர்ந்து வரும் வழியில் இருப்பதால் கால்கரிக்கும் ரெட் டியருக்கும் நடுவே உள்ள பகுதிக்கு ஆலங்கட்டிச் சந்து என்றே பேர் வைத்திருக்கிறார்கள். சஸ்காச்சுவன், மனிடோபாவும் தப்புவதில்லை.

இரண்டாவது டோர்னேடோ, மேகத்திலிருந்து தரைவரை புனல் மாதிரி இறங்கிச் சுழலும் காற்று. மூன்றாவது இங்கே ப்ளவ் விண்ட் (plow wind) என்று சொல்கிற காற்று. அது சுழலாது, ஒரே திசையில் நேராக அடித்துத் தள்ளும். டோர்னேடோவைவிட இதுதான் அடிக்கடி வரும், தானியக் குதிர்களைப் பீப்பாய் மாதிரி உருட்டிவிட்டுப் போகும். சுழல் எதுவும் கண்ணில் படவில்லையே என்று வெளியே நின்றுகொண்டிருக்காதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் வேலை: செய்தி உங்களைத் தேடி வர வேண்டும்

கனடா சுற்றுச்சூழல் துறையின் வெதர்கேன் என்ற ஆப் இலவசம். அதைப் போட்டு, உங்கள் ஊர், வேலை செய்யும் ஊர் இரண்டையும் சேர்த்து, அறிவிப்புகளை ஆன் செய்து வையுங்கள். சஸ்காச்சுவனில் இருந்தால் சஸ்க்அலர்ட், ஆல்பர்ட்டாவில் இருந்தால் ஆல்பர்ட்டா எமர்ஜென்சி அலர்ட் ஆப்களையும் போடலாம். இவை தவிர அலர்ட் ரெடி என்று நாடு முழுக்க உள்ள ஏற்பாடு இருக்கிறது, அதற்கு எந்த ஆப்பும் வேண்டாம், போன் தானாகவே அலறும். ஆனால் எல்லா இடிமழைக்கும் அது அலறாது. டோர்னேடோ வார்னிங்குக்கும், மிகமிக மோசமான காற்று, டென்னிஸ் பந்து அளவு ஆலங்கட்டி என்றாலும்தான் அலறும். காரை நசுக்கக்கூடிய எலுமிச்சம்பழ அளவு ஆலங்கட்டிக்கு அது பேசாமலே இருந்துவிடலாம். அதனால் ஆப் கட்டாயம்.

இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாட்ச் என்றால் இன்றைக்கு அது உருவாகக்கூடிய சூழ்நிலை இருக்கிறது என்று அர்த்தம். வார்னிங் என்றால் உருவாகிவிட்டது, அல்லது உருவாகப் போகிறது. காற்று 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலோ, 2 சென்டிமீட்டர் ஆலங்கட்டி விழுந்தாலோ, ஒரு மணி நேரத்துக்குள் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினாலோ அதைக் கடுமையான இடிமழை என்று கணக்கில் வைப்பார்கள். 2025 நவம்பர் முதல் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறமும் சேர்த்துச் சொல்கிறார்கள், சிவப்புதான் உச்சம். சைரன் ஊதும் என்று காத்திருக்காதீர்கள், எல்லாச் சிற்றூரிலும் சைரன் கிடையாது.

எட்டு மைல் தள்ளிப் பண்ணையில் வேலை என்றால் சிக்னல் இல்லாத இடங்கள் வரும். அங்கே வானத்தை நாமேதான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் வரும். புழுக்கம் தாங்காமல் இருந்த காற்று சட்டென்று குளிர்ந்தால், மேகத்தின் அடிப்பாகம் தனியாகக் கீழே இறங்கிச் சுழன்றால், வானம் பச்சையாகத் தெரிந்தால், சரக்கு ரயில் வருகிற மாதிரி சத்தம் நிற்காமல் கேட்டால், அதற்குமேல் ஆராய வேண்டாம். புனல் வடிவம் தரையைத் தொட்டுத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை, மேகத்துக்கு நேர்கீழே புழுதி சுழன்றாலே தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். மழைக்குள் ஒளிந்துகொண்டும் வரும்.

இரண்டாவது வேலை: நீங்கள் இருக்கும் இடத்தின் பெயர்

இதைப் புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஊருக்கு வெளியே குடியிருந்தால் 911-க்குப் போன் செய்து பெரிய சிவப்புக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னால் ஆம்புலன்ஸ் வந்து சேராது. ப்ரேரி நிலம் முழுக்க ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரமாக அளந்து கட்டம் கட்டியது. அந்தச் சதுரம் ஒவ்வொன்றும் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். அதில் கால் பங்கு குவார்ட்டர், 160 ஏக்கர். 36 செக்‌ஷன் சேர்ந்தது ஒரு டவுன்ஷிப். உங்கள் வீடு என்.டபிள்யூ 12-17-20 டபிள்யூ2 என்றால், நில அளவைக்காக வைத்த இரண்டாவது தீர்க்கரேகைக்கு மேற்கே, ரேஞ்ச் 20-ல், டவுன்ஷிப் 17-ல், செக்‌ஷன் 12-ன் வடமேற்குக் குவார்ட்டர். ஆல்பர்ட்டாவில் ரேஞ்ச் ரோடு வடக்கு தெற்காக ஓடும், டவுன்ஷிப் ரோடு கிழக்கு மேற்காக ஓடும். வீட்டு வாசலில், சாலையோரம் ஒரு எண் பலகை இருந்தால் அதுதான் உங்கள் கிராமப்புற முகவரி. வீட்டுக்காரரிடம் கேட்டு இரண்டையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், போனிலும் ஏற்றி வையுங்கள். பதற்றத்தில் ஆங்கிலம் தடுமாறும். எனக்குத் தடுமாறியிருக்கிறது. எதிரே இருக்கும் தாளைப் பார்த்து வாசித்துவிடலாம்.

மூன்றாவது வேலை: ஒளியும் இடம்

பேஸ்மென்ட், அதாவது தரைக்குக் கீழே உள்ள தளம், இருந்தால் அங்கேதான். அதில் மாடிப்படிக்கு அடியிலோ, கனமான மேஜைக்கு அடியிலோ இருந்துகொள்ளுங்கள். மேல்தளத்தில் ஃபிரிட்ஜ் எங்கே இருக்கிறது என்று பார்த்து அதற்கு நேர்கீழே இல்லாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் வீட்டுக்குள் அழுத்தம் சமமாகும் என்று பழைய ஆட்கள் சிலர் சொல்வார்கள், அது தவறு, ஜன்னல் பக்கமே போக வேண்டாம். பேஸ்மென்ட் இல்லாத வீட்டில் கீழ்த்தளத்தின் நடுவில் உள்ள சின்ன அறை, குளியலறையோ அலமாரி அறையோ, வெளிச்சுவர் இல்லாததாக.

அங்கே ஒரு பெட்டி இருக்கட்டும். தண்ணீர், டார்ச், பவர் பேங்க், ஒரு விசில், மருந்து, ஜிப் லாக் கவரில் பாஸ்போர்ட், ஒர்க் பெர்மிட், பி.ஆர். கார்டு. பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட், ஹாக்கி ஹெல்மெட் எல்லாம் அங்கேயே மாட்டி வையுங்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு ஜோடி பழைய ஷூ. நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு இருக்கிறவர்கள். வெளியே வரும்போது தரை முழுக்கக் கண்ணாடியும் ஆணியும்தான் கிடக்கும்.

டிரெய்லர் வீட்டில், அதாவது வேறிடத்தில் கட்டி இழுத்துவந்து நிறுத்திய வீட்டில், இருப்பவர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்த புதிதில் வாடகை கட்டுப்படியாவது அதுதான், நம் ஆட்கள் பலர் அதில்தான் இருக்கிறார்கள். 1987 ஜூலை 31-ல் எட்மண்டனை அடித்த டோர்னேடோவில் 27 பேர் இறந்தார்கள். அவர்களில் 15 பேர் எவர்கிரீன் என்ற ஒரே டிரெய்லர் குடியிருப்பில் இருந்தவர்கள். டிரெய்லருக்குள் பத்திரமான மூலை என்று எதுவும் இல்லை. கயிறு கட்டி நங்கூரம் போட்டிருந்தாலும் டோர்னேடோவுக்கு அது போதாது. அதனால் பேஸ்மென்ட் உள்ள பக்கத்து வீட்டையோ, ஊர்ச் சமூகக் கூடத்தையோ, தேவாலயத்தின் அடித்தளத்தையோ இப்போதே பேசி வையுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. இங்கே உள்ளவர்கள் அதைத் தொந்தரவாக நினைப்பதில்லை, கதவு பூட்டியிருக்காது, நேரே உள்ளே வா என்பார்கள். முக்கியமானது நேரம்: டிரெய்லரில் இருப்பவர்கள் வார்னிங் வந்த பிறகு கிளம்பினால் வழியில் மாட்டிக்கொள்வார்கள். வாட்ச் வந்து மேற்கே மேகம் கறுத்ததுமே போய்விட வேண்டும். பத்துத் தடவை வீணாகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை. கூடாரமும் கேம்பர் வண்டியும்கூட இதே கணக்குதான், 2000 ஜூலை 14-ல் ஆல்பர்ட்டாவின் பைன் லேக் முகாமிடத்தில் 12 பேர் போனார்கள்.

வேலை செய்யும் இடத்திலும் முதல் வாரமே கேளுங்கள், டோர்னேடோ வந்தால் நாம் எங்கே போக வேண்டும் என்று. பெட்ரோல் பங்கில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் முன்பக்கக் கண்ணாடியை விட்டு உள்ளே, குளியலறைக்கோ, நடந்து உள்ளே போகும் குளிர்பதன அறைக்கோ போய்விட வேண்டும். பெரிய கூரை போட்ட ஷெட், ஐஸ் ஹாக்கி அரங்கம், பன்றிப் பண்ணையின் நீளமான கொட்டகை இவையெல்லாம் பார்க்கத்தான் பலம், நடுவில் தாங்க எதுவும் இல்லாத கூரை முதலில் சரியும்.

நான்காவது வேலை: இன்ஷூரன்ஸ் தாளை எடுத்துப் படிப்பது

சுருக்கமாகச் சொல்கிறேன். சஸ்காச்சுவனிலும் மனிடோபாவிலும் வண்டியின் அடிப்படை அரசு இன்ஷூரன்ஸிலேயே ஆலங்கட்டிச் சேதம் அடங்கும், டிடக்டிபிள் என்ற முதல் தொகை மட்டும் நம் கையிலிருந்து. ஆல்பர்ட்டாவில் தனியார் கம்பெனிகள்தான், அங்கே காம்ப்ரிஹென்சிவ் என்ற பகுதியைக் கேட்டு வாங்கியிருந்தால்தான் ஆலங்கட்டிக்குப் பணம் வரும். மாதம் கொஞ்சம் மிச்சம் என்று அதை வெட்டிவிடாதீர்கள். கால்கரியில் 2020 ஜூன் 13-ல் பெய்த ஒரே ஆலங்கட்டி மழைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கொடுத்தது 100 கோடி டாலருக்கு மேல். வீடு சொந்தமாக இருந்தால், கூரையில் ஓடு மாதிரி பதித்திருக்கும் ஷிங்கிள்ஸுக்குப் புதிதாகப் போடும் செலவு முழுவதும் தருவார்களா அல்லது பழசுக்குத் தேய்மானம் கழித்துத் தருவார்களா என்று ஏஜென்ட்டிடம் நேராகக் கேளுங்கள். பேஸ்மென்ட்டுக்குள் கழிவுநீர் திரும்பி ஏறினால் உண்டா என்பதையும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டுக்காரரின் இன்ஷூரன்ஸ் நம் கட்டிலையும் லேப்டாப்பையும் காப்பாற்றாது, டெனன்ட் இன்ஷூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும். போனை எடுத்து வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கிளெய்ம் போடும்போது அதுதான் சாட்சி.

வாட்ச் வந்த நாள்

போனை முழு சார்ஜில் வையுங்கள். வண்டியை கராஜுக்குள் விடுங்கள், கராஜ் இல்லையென்றால் பழைய கம்பளி போர்த்துங்கள், ஆனால் ஆலங்கட்டி விழ ஆரம்பித்த பிறகு வண்டியைக் காப்பாற்ற வெளியே ஓடாதீர்கள். முற்றத்தில் கிடக்கும் நாற்காலி, குப்பைத் தொட்டி, பார்பிக்யூ எல்லாவற்றையும் உள்ளே போடுங்கள். டிராம்போலின் இருந்தால் கட்டுங்கள், அது பறந்து போய் அடுத்த வீட்டு ஜன்னலில் இறங்கும். கிணற்றுத் தண்ணீர் வீடு என்றால் பாத் டப்பை நிரப்பிவிடுங்கள், ஏனென்றால் கரண்ட் போனால் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாவிட்டால் குடிக்கவும் தண்ணீர் இல்லை, கழிப்பறைக்கும் இல்லை.

இடி காதில் விழுந்துவிட்டால் வெளியே வேலை நிறுத்தம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வெளியே. கம்பி வேலிக்கும் தனி மரத்துக்கும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

என் முதல் கோடையில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆலங்கட்டி விழத் தொடங்கியதும் அம்மாவுக்கு அனுப்பலாம் என்று ஜன்னலோரம் நின்று வீடியோ எடுத்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் தன் வாசலில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார், கீழே போ, கீழே போ என்று. நான் பேஸ்மென்ட் படியில் பாதி இறங்கும்போது அந்த ஜன்னல் உள்ளே வந்து விழுந்தது. வாடகை வீட்டின் மேற்குப் பக்கச் சுவரை மூடியிருக்கும் சைடிங் முழுக்கத் துப்பாக்கியால் சுட்டது மாதிரி ஓட்டை. அந்த வீடியோவை அம்மாவுக்கு அனுப்பவில்லை.

வண்டியில் போகும்போது மாட்டிக்கொண்டால்

ஆலங்கட்டி மட்டும் என்றால் பாதுகாப்பாக ஓரம் கட்டி, முடிந்தால் வண்டியின் முகம் ஆலங்கட்டி வரும் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். முன் கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டியது, விரியும், பொதுவாகச் சிதறாது. பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் தூள் தூளாகும். துணியோ ஜாக்கெட்டோ எடுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளேயே இருங்கள். மேம்பாலத்துக்கு அடியில் நடுரோட்டில் நிறுத்திப் பின்னால் வருகிறவர்களை மறிக்கக் கூடாது.

டோர்னேடோ என்றால் வேறு. அது இடமோ வலமோ நகராமல் அதே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே போவதாகத் தெரிந்தால் உங்களை நோக்கித்தான் வருகிறது. தூரம் இருந்தால் அது போகும் திசைக்குக் குறுக்காக ஓட்டிப் போங்கள், இங்கே பெரும்பாலும் வடகிழக்கே நகர்வதால் அநேகமாகத் தெற்கே போவது கை கொடுக்கும். மைலுக்கு ஒன்று இரண்டு மைலுக்கு ஒன்று என்று கட்டம் போட்ட சாலைகள் இருப்பது இதற்கு வசதி, ஆனால் மழையில் நனைந்த மண் சாலையில் திரும்பிவிடாதீர்கள், சக்கரம் களிமண்ணில் சிக்கிவிடும், கிராவல் போட்டதாகப் பாருங்கள். தப்ப வழியே இல்லை என்றால் வண்டியை விட்டு இறங்கி, தள்ளிப் போய், சாலையோரப் பள்ளத்தில் குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் ஏறுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். மேம்பாலத்துக்கு அடியில் ஏறி உட்காராதீர்கள், காற்று அந்த இடுக்கில் இன்னும் வேகமெடுக்கும். வண்டிக்குள் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு: 2020 ஆகஸ்ட் 7-ல் மனிடோபாவில் ஸ்கார்த் பக்கம் இரண்டு இளைஞர்கள் போன பிக்கப்பை டோர்னேடோ தூக்கி எறிந்தது, இருவருமே பிழைக்கவில்லை.

ஓய்ந்த பிறகு

உடனே வெளியே ஓடாதீர்கள், ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று வரலாம். ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். கம்பி அறுந்து கிடந்தால் பத்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள், கம்பி வேலியின் மேல் விழுந்திருந்தால் அந்த வேலி முழுவதையும் கரண்ட் கம்பியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அது கேஸ், லைட் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியே போய், தூரத்திலிருந்து போன் செய்யுங்கள். ஜெனரேட்டரை கராஜில் வைத்து ஓட்டாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் அதன் புகை ஆளைக் கொல்லும். கரண்ட் இல்லாதபோது பேஸ்மென்ட்டில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப்பும் நின்றிருக்கும் என்பதால் தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள்.

எதையும் சரி செய்வதற்கு முன்னால் போட்டோ. பிறகு தார்ப்பாய் போட்டு மூடலாம், அந்தச் செலவுக்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் கூரை போட்டுத் தருகிறோம் என்று வெளியூர் வண்டிகள் வாசலுக்கு வரும். சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் அட்ஜஸ்டர் வந்து பார்க்கும் முன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், முன்பணமும் தராதீர்கள், நமக்கு ஆங்கிலம் சரளமில்லை என்று தெரிந்தால் அவசரப்படுத்துவார்கள்.

அப்புறம் அக்கம்பக்கம். ஆலங்கட்டியை இங்கே விவசாயிகள் பெரிய வெள்ளை அறுவடை இயந்திரம் என்பார்கள். கனோலா என்ற எண்ணெய்ப் பயிர் பூத்து மஞ்சளாக நின்ற வயல் பத்து நிமிடத்தில் கீரையை மசித்தது மாதிரி கிடக்கும். அந்த வாடையை மறக்க முடியாது. பயிர் இன்ஷூரன்ஸ் இருந்தாலும் ஒரு வருட உழைப்பு போனது போனதுதான், அந்த வீட்டில் போய் அதிகம் பேச வேண்டாம், ஒரு பெரிய பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாலே போதும். டோர்னேடோ போன வழியில் உள்ள வயல்களில் தகரமும் ஆணியும் மரத்துண்டும் இறைந்து கிடக்கும், அறுவடை இயந்திரத்துக்குள் போனால் அது பாழ். அதற்காக ஊரே வரிசையாக நின்று வயலைக் குறுக்கே நடந்து பொறுக்கும் நாள் ஒன்றை அறிவிப்பார்கள். போங்கள். கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸ், தோல் கையுறை, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிடுவார்கள்.